சூடும் வடுவும் பச்சையும்: உடற்குறிகள் பற்றிய சொல்லாட்சியும் உடல்நலமும்

பெங்களூரு போன்ற பன்மொழி நகரத்தில், மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் பச்சிளங்குழந்தையின் வயிற்றில் வரிசையாகச் சில சிறு தீப்புண்கள் காணப்படுமாயின், அவை எவ்வாறு ஏற்பட்டன என்னும் வினாவுக்கு விடை பெரும்பாலும் ஒரே சொல்லில் அமையும். கன்னடம் பேசும் பாட்டி ‘பரெ’ என்பார்; தமிழ் பேசும் பாட்டி ‘சூடு’ என்பார்; தெலுங்கு பேசுபவர் ‘வாத’ என்பார். மூவரும் குறிப்பது ஒரே செயலையே. பழுக்கக் காய்ச்சிய ஊசி, வளையல் துண்டு, ஊதுவத்தி, எரியும் மஞ்சள் கொம்பு போன்ற ஏதேனும் ஒன்றைத் தோலில் வைத்து எடுப்பதே அது. காமாலை, வலிப்பு, வயிற்றுப் பொருமல், ஓயாத அழுகை ஆகியவற்றுக்கு மருந்தாக இது செய்யப்படுகிறது. மருத்துவர் காண்பது ஒரு காயத்தை; பாட்டி சொல்வது ஒரு சிகிச்சையை. இவ்விரு பார்வைகளுக்கும் இடையிலுள்ள தொலைவில் சொல்லுக்கும் பங்குண்டு. சூடு, வடு, தழும்பு, பச்சை முதலிய உடற்குறிச் சொற்களின் பொருட்பரப்பையும், அப்பரப்பு உடல்நலத்தைத் தொடும் இடங்களையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுடு, சூடு, பரெ

முதனிலை திரிந்த தொழிற்பெயருக்குக் கெடு–கேடு, படு–பாடு, சுடு–சூடு என்பனவற்றை எடுத்துக்காட்டாகத் தருவது தமிழிலக்கண ஆசிரியர் வழக்கம். இவற்றுள் ‘சூடு’ என்னும் பெயரின் பொருள் விரிவு தனித்துக் குறிப்பிடத்தக்கது. வெப்பம், உடற்சூடு, தீயால் இட்ட குறி, துப்பாக்கியால் சுடுதல் என அது விரிந்துள்ளது. ‘சூடு சுரணை’ என்னும் இணைமொழியில் மான உணர்வையும் அது சுட்டுகிறது. சுட்டால் உறைக்க வேண்டும், உறைக்காதவன் மானமற்றவன் என்ற கருத்து இவ்வழக்கின் அடியில் உள்ளது. நல்ல மாட்டுக்கு ஒரு சூடு, நல்ல மனிதனுக்கு ஒரு சொல் என்னும் பழமொழியிலும் இதே கருத்தைக் காணலாம். இங்குச் சூடு என்பது திருத்தும் கருவி.

இப்பெயர் எந்த வினையோடு சேர்ந்து வருகிறது என்பது இன்னும் முக்கியமானது. ‘சூடு போடு’, ‘சூடு வை’, ‘சூடு இழு’ என மூன்று கூட்டுவினைகள் வழக்கில் உள்ளன. இவற்றுள் ‘போடு’ என்பது ஊசி போடு, மருந்து போடு, கட்டுப் போடு, தையல் போடு என மருத்துவச் செயல்களோடு இயல்பாக வருவது. அதே வினை அபராதம் போடு, தண்டம் போடு எனத் தண்டனைச் சொற்களோடும் வருகிறது. எனவே ‘சூடு போடு’ என்பது சிகிச்சை வரிசையிலும் தண்டனை வரிசையிலும் ஒருசேர நிற்கிறது. கேட்பவர் அதனை எந்த வரிசையில் வைத்துப் புரிந்துகொள்கிறார் என்பது சூழலைப் பொறுத்தது. கன்னடத்திலும் நிலைமை இதுவே. ‘ஹாகு’ என்னும் வினை, தையலிடுவதைக் குறிக்கும் ‘ஹொலிகெ ஹாகு’ என்பதிலும், அபராதம் விதிப்பதைக் குறிக்கும் ‘தண்ட ஹாகு’ என்பதிலும், சூடு போடுவதைக் குறிக்கும் ‘பரெ ஹாகு’ என்பதிலும் வருகிறது.

ஆனால் ‘பரெ’ என்ற பெயரின் பிறப்பு வேறு. தமிழின் சொன்முதல் வகரத்துக்குக் கன்னடத்தில் பகரம் ஒத்து வருவது (வேர்–பேரு, விடு–பிடு, கன்னடத்தில் ஒலிப்புடைப் பகரம்) திராவிட மொழியியலில் நன்கறியப்பட்டது. அவ்வழியே தமிழ் ‘வரை’ என்பதன் இணையாகக் கன்னட ‘பரெ’யைக் கொள்வது பொருத்தம். கோடு இழுத்தல், எழுதுதல் என்பன அதன் வினைப்பொருள். கோடு, தீயால் இழுத்த கோடு என்பன பெயர்ப்பொருள். தமிழ்ச்சொல் கருவியாகிய வெப்பத்தை நோக்க, கன்னடச்சொல் எஞ்சி நிற்கும் கோட்டை நோக்குகிறது. தமிழர் உடம்பைச் சுடுகின்றனர், கன்னடியர் உடம்பில் எழுதுகின்றனர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம், செயலில் வேறுபாடில்லை. ஏற்கெனவே துன்புறுவோரை மேலும் துன்புறுத்துவதைக் கன்னடச் செய்தித்தாள்கள் ‘காயத்தின்மேல் பரெ’ என்று எழுதும். விலையேற்றச் செய்திகளில் இத்தொடர் அடிக்கடி இடம்பெறும். தமிழில் அவ்விடத்தில் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறோம்.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை தமிழ்ப் பழமொழியாக வழங்குகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் பூனையின் இடத்தில் நரி உள்ளது. புலியின் வரிகளைச் சூட்டுத் தழும்புகளாகக் காணும் இக்கற்பனை, தழும்பு ஓர் அழகாகவும் தகுதிக்குறியாகவும் இருக்கலாம் என்ற எண்ணத்தை முன்னிட்டே பிறக்க முடியும். உடம்பில் சூட்டுக்குறி இருப்பது இழிவு என்று மட்டுமே கருதிய சமுதாயத்தில் இப்பழமொழி தோன்றியிராது.

பச்சையும் ஹச்செயும்

உடம்பில் நிலையான குறி இடும் முறைகளுள் தென்னகத்தில் மிகப் பரவலானது பச்சை குத்துதல். கன்னடத்தில் இதன் பெயர் ‘ஹச்செ’. சொன்முதல் பகரம் ஹகரமாகத் திரிவது கன்னட வரலாற்றின் நன்கறிந்த மாற்றம் (பால்–ஹாலு, புலி–ஹுலி, பத்து–ஹத்து). ஆகவே பச்சையும் ஹச்செயும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். மலையாளத்திலும் பச்சை குத்துதல் என்றே வழக்கு. தெலுங்கில் ‘பச்ச பொட்டு’. பயன்படும் மையோ கருமை. கருமை பச்சையானது எவ்வாறு? தோலின் ஆழ்அடுக்கில் தங்கிய கரித்துகள்கள்மீது படும் ஒளியில் நீண்ட அலைகள் ஈர்க்கப்பட்டு, குறுகிய அலைகள் மேலடுக்கில் சிதறித் திரும்புவதால், கரிய மை நீலமாகவோ பச்சையாகவோ தோன்றுகிறது. மையின் நிறத்தை விட்டு, தோலில் தெரிந்த நிறத்தையே சொல்லாக்கினர் நம் முன்னோர். இவ்வகையில் சொல் உண்மையானது.

மை தயாரிக்கும் முறையை எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியான தம் தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில் பதிவுசெய்துள்ளார். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் அரைத்து, துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர் என்கிறார். பச்சை குத்துவதில் கைதேர்ந்தவர் குறவர் குலப் பெண்கள். ஊர் ஊராகச் சென்று, பாட்டுப்பாடி வலியை மறக்கச்செய்து அவர்கள் இட்ட கோலமும் தேளும் இன்னும் பல மூதாட்டியர் முன்கைகளில் உள்ளன.

இங்கு ‘குத்து’ என்ற வினையையும் நோக்க வேண்டும். பச்சை குத்து, காது குத்து, மூக்குக் குத்து, அலகு குத்து என்ற வரிசையில் ‘அம்மை குத்து’ என்பதும் நிற்கிறது. பெரியம்மைத் தடுப்பு முறை நம் நாட்டுக்கு வந்தபோது தமிழர் அதற்குப் புதுவினை தேடவில்லை. இருந்த வினையிலேயே அதனை அடக்கினர். கன்னடம் ‘சுச்சு’ (குத்து) என்பதோடு ‘மத்து’ (மருந்து) சேர்த்துச் ‘சுச்சுமத்து’ என்றது. அம்மை குத்திய தழும்பு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏறத்தாழ ஒவ்வொரு கையிலும் காணப்பட்ட குறி. அரசே இட்ட அத்தழும்பை யாரும் தழும்பிடும் மரபு என்று எண்ணியதில்லை. மைசூர் அரண்மனைப் பெண்டிர் மூவரைத் தாமஸ் ஹிக்கி 1805ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. அதில் ஒருவர் சேலையை விலக்கிக் கையைக் காட்டி நிற்பது, அம்மை குத்திய இடத்தைப் பிறருக்குக் காட்டி அம்முறையைப் பரப்புதற்காகவே என்று வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் கருதுகிறார். அக்கருத்து சரியெனில், நலத்தின் சான்றாகக் காயத்தைக் காட்டும் உத்தி கன்னட நாட்டில் இருநூறாண்டுப் பழமை உடையது.

வினை ஒன்றாக இருப்பினும் சட்டம் பிரித்தாக வேண்டியுள்ளது. மனிதத்தன்மையற்ற தீய பழக்கங்களுக்கும் சூனியத்துக்கும் எதிராகக் கர்நாடகம் 2017இல் இயற்றி 2020இல் நடைமுறைப்படுத்திய சட்டம், தாடையின் ஒருபுறமிருந்து மறுபுறம் கம்பி குத்துவதைத் தடுக்கிறது. சடங்காகக் குழந்தைகளுக்குக் காதும் மூக்கும் குத்துவதை விலக்கி வைக்கிறது.

புண்ணும் வடுவும்

பழந்தமிழில் காயத்தைக் குறிக்கப் ‘புண்’ என்பதும், அதன் எச்சத்தைக் குறிக்க ‘வடு’, ‘தழும்பு’ என்பனவும் வழங்கின. இவற்றுள் ‘வடு’ பழி, குற்றம் என்ற பொருளையும் பெற்றது; திருக்குறளில் இப்பொருளாட்சி பலவிடங்களில் உண்டு. 129ஆம் குறள், தீ விளைத்ததைப் புண் என்றும் நா விளைத்ததை வடு என்றும் சொல் வேறுபடுத்தியிருப்பதை உரையாசிரியர் பலர் பாராட்டியுள்ளனர். ஆறும் தன்மையது புண், ஆறாது நிற்பது வடு என்ற பொருண்மை வேறுபாட்டின் மீதே அக்குறளின் கருத்து கட்டப்பட்டுள்ளது. மாறாகத் ‘தழும்பு’ பழியேற்காத சொல். சங்க காலத்தில் ஊணூர்த் தலைவன் ஒருவன் தழும்பன் என்றே பெயர் பெற்றிருந்தான்.

புண்ணிலும் இருவகை உண்டு. முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனால் புறப்புண் பெற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் அதற்கு நாணி வடக்கிருந்ததைப் புறநானூற்று 65ஆம் பாடல் கூறுகிறது. இன்னும் வியப்பானது 93ஆம் பாடல். போரில் இறவாது நோயால் இறந்த மன்னரைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, வாளால் கீறி அடக்கம் செய்யும் வழக்கத்தை ஔவையார் அதில் சுட்டுகிறார். இறந்து பிறந்த குழவியையும், உருப்பெறாத தசைப்பிண்டத்தையும்கூட வாளால் கீறாது விடுவதில்லை என்பது 74ஆம் பாடலால் பெறப்படும். குறியில்லாத உடல் முழுமையற்ற உடல் என்பதே இதன் பொருள். உயிருள்ளவன் உடலில் கீறுவதைத் தழும்பிடும் மரபு என்று மானிடவியலார் வகைப்படுத்துவர். உயிரற்ற உடலில் கீறுவதை எவ்வகையில் அடக்குவது? தென்சூடான் நாட்டு நுயர் இளைஞரின் நெற்றியில் காதோடு காதாக ஆறு கோடுகள் கீறி அவரை ஆடவர் ஆக்கும் சடங்கை எவன்ஸ் பிரிச்சர்டு 1940இல் விவரித்தார். ஆடவனாகும் தகுதி அங்குக் கத்தியால் உயிருள்ளபோதே வழங்கப்படுகிறது. சங்கத் தமிழர் அதனைப் போர்க்களம் வழங்கும் என்று விட்டுவைத்து, களம் வழங்காதபோது மட்டும் தாமே வாளெடுத்தனர்.

தோடர் தோளில் இட்ட குறி

ஆப்பிரிக்க மரபுக்கு நெருங்கிய ஒன்று தமிழ்நாட்டின் நீலகிரியிலேயே உண்டு. 1901–02இல் தோடரிடையே களப்பணி செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட நூலில், தோட ஆடவரின் வலத்தோளில் புடைத்த தழும்புகள் காணப்படுவதைக் குறித்துள்ளார். சிறுவன் எருமை கறக்கத் தொடங்கும் பன்னிரண்டு வயதளவில், கட்டையைக் கட்டையில் கடைந்து எடுத்த நெருப்பினால் தோளில் சூடு வைப்பர். இவ்வாறு சூடுபட்டவனுக்குக் கறக்கும்போது கைவலி தோன்றாது என்பது அவர்கள் விளக்கம். கருவுற்ற பெண்ணின் கையிலும், எண்ணெயில் நனைத்துக் கொளுத்திய நூற்சுருளால் சூடு வைக்கும் சடங்கு உண்டு.

இதில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இது தண்டனையும் அன்று, நோய்க்கு மருந்தும் அன்று. வரவிருக்கும் உழைப்புக்கு உடலை ஆயத்தப்படுத்துவது. இரண்டாவது, நெருப்பு எந்த நெருப்பு என்பது முக்கியம். அடுப்பு நெருப்பு உதவாது, கடைந்தெடுத்த நெருப்பே வேண்டும். மூன்றாவது செய்தி உடலியல் சார்ந்தது. மிகைத்தழும்பு தோன்றும் வாய்ப்பு உடலெங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. தோள், மார்பின் நடுப்பகுதி, காதுமடல் ஆகியவையே அதற்கு மிக ஏற்ற இடங்கள். தோடர் தேர்ந்த இடம் அவற்றுள் ஒன்று. நெடுங்கால அனுபவத்தில் நன்கு புடைத்து நிற்கும் இடத்தை அவர்கள் கண்டறிந்திருத்தல் கூடும். தோட மொழியை 1930களில் ஆராயத் தொடங்கிய எமனோ, அம்மொழிப் பாடல்களை 1971இல் தொகுத்து வெளியிட்டார். அம்மக்களின் வாழ்வு முழுவதும் எருமையையும் பால்மடத்தையும் சுற்றியது என்பதை அறிந்தவர்க்கு, தோளில் இட்ட குறி தொழிலுக்கு இட்ட குறியே என்பது எளிதில் விளங்கும்.

பொறியும் இலச்சினையும்

சமயத் துறையில் சூட்டுக்குறிக்குத் தனிச்சொற்கள் உண்டு. வைணவர் ஆசாரியரிடம் பெறும் ஐந்து சம்ஸ்காரங்களுள் முதலாவதாகிய தாபத்தில், காய்ச்சிய சக்கரம் வலத்தோளிலும் சங்கு இடத்தோளிலும் ஒற்றப்படும். தமிழில் இதனைத் திருவிலச்சினை என்பர். பெரியாழ்வார் திருப்பல்லாண்டின் ஏழாம் பாசுரத்தில் இக்குறியைப் ‘பொறி’ என்ற சொல்லால் குறித்துள்ளார். மாத்வரிடம் இது தப்தமுத்திரை எனப்படும். வைணவர்க்கு வாழ்நாளில் ஒருமுறை நிகழ்வது மாத்வர்க்கு ஆண்டுதோறும் நிகழலாம். ஆடி மாதத்தை ஒட்டிவரும் சயன ஏகாதசியன்று பெங்களூருவின் மாத்வ மடங்களில் முத்திரை பெறுவோர் நீண்ட வரிசையில் நிற்பதைக் காணலாம். இங்கு வழங்கும் வினைகள் ‘ஒற்று’, ‘தரி’, ‘பெறு’ என்பன. சூடு போடுதல் என்று எந்த அடியாரும் சொல்வதில்லை. வெப்பம் ஒன்றே, வினை வேறு; வினை வேறாகவே பொருளும் வேறாகிறது. காய்ச்சிய முத்திரை ஒரு நொடி மட்டுமே தோலில் படுவதால், இக்குறி பெரும்பாலும் சில வாரங்களில் மறைந்துவிடும்.

குறியிடுதல் உடைமையைக் காட்டவும் பயன்பட்டது. கோயிலுக்கு உரியவராக்கப்பட்டோர்க்குச் சூலக்குறி இடப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகளால் அறிகிறோம். ஆங்கில ஆட்சியில் குற்றவாளிகளின் நெற்றியில் பச்சை குத்தும் தண்டனை 1849இல்தான் ஒழிக்கப்பட்டது. அடியவர் விரும்பிப் பெறும் பொறிக்கும் அடிமையின் மேல் பிறர் இடும் பொறிக்கும் வடிவில் வேறுபாடு சிறிதே. இசைவு என்பதொன்றே அவற்றைப் பிரிக்கிறது. பச்சிளங்குழந்தையின் சூட்டைப் பற்றிப் பேசும்போது இதனை நினைவிற்கொள்ள வேண்டும். குழந்தைக்கு இசைவு என்ற ஒன்றில்லை.

மருந்தாகிய சூடு

சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளுள் சுட்டிகை, கீறல், காரம், அட்டை விடல், குருதி வாங்கல் ஆகியன அடங்கும். சுட்டிகை என்பதும் சுடு என்னும் வினையடியாகப் பிறந்த பெயரே. ஆயுர்வேதத்தில் இதற்கு இணையானது அக்கினிகருமம். சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்தில் 12ஆம் அத்தியாயம் இதற்கே உரியது. நெருப்பால் தீர்த்த நோய் மீள்வதில்லை என்று அம்முறையை உயர்த்திச் சொல்லும் அதே அத்தியாயம், யாருக்கு அதனைச் செய்யலாகாது என்றும் வரையறுக்கிறது. பித்த உடலினர், மெலிந்தவர், முதியவர், அஞ்சுபவர், பல புண்களால் வருந்துபவர் ஆகியோருடன் குழந்தைகளும் அப்பட்டியலில் உள்ளனர். மரபின் பெயரால் குழந்தைக்குச் சூடு வைப்போரும், மரபு முழுவதையும் அறியாமை என்று ஒதுக்குவோரும் இவ்விலக்கை ஒருசேர மறந்துவிடுகின்றனர். ஏட்டில் இருந்த விலக்கு, முறை வீடுகளுக்குள் பரவியபோது உடன் வரவில்லை.

இம்முறை நாடெங்கும் உண்டு. இராசத்தானத்தில் ‘டாம்’ என்றும் ஒடிசாவில் ‘செங்கா’ என்றும் பெயர். 2023 பிப்ரவரியில் மத்தியப்பிரதேசத்தின் ஷாடோல் மாவட்டத்தில், நுரையீரல் அழற்சியால் மூச்சுத்திணறிய மூன்று மாதப் பெண்குழந்தை ஐம்பது முறைக்கு மேல் சூடு வைக்கப்பட்டு இறந்த செய்தி நாட்டையே அதிரவைத்தது.

எனினும் இதில் பயன் உண்டு என்று அறிவுள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியது ஏன் என்பதை விளக்காமல் அதனைக் கண்டிப்பது போதாது. விடை நோயின் இயல்பிலேயே உள்ளது. நிறைமாதக் குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர்க்குப் பிறந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தோல் மஞ்சளாகும். குருதிச் சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிரூபினை, முதிராத கல்லீரல் உடனே வெளியேற்ற இயலாமையே காரணம். நான்காம் ஐந்தாம் நாளில் மஞ்சள் மிகுந்து, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே மறையும். மஞ்சள் மிகுந்த நாளில்தான் வீட்டார் அஞ்சுகின்றனர், அன்றுதான் சூடு வைக்கின்றனர். மறுநாள் முதல் மஞ்சள் குறைகிறது. காய்ச்சலால் வரும் வலிப்பும் அத்தகையதே. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். ஊசியைக் காய்ச்சும் நேரமும் வலிப்பு நிற்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. கண்ணால் கண்ட சான்று இது என்று பாட்டி சொல்வதில் பொய்யில்லை, காரணத்தில்தான் பிழை.

இடர் எஞ்சியவர்க்கே. சில குழந்தைகளுக்குப் பிலிரூபின் அளவு கட்டுக்கடங்காமல் உயர்ந்து மூளையில் படியும். செவித்திறன் இழப்பும் உறுப்பசைவுக் கேடும் வாழ்நாள் முழுதும் நிற்கும். நீலஒளியின் கீழ்க் குழந்தையைக் கிடத்துவதாகிய எளிய சிகிச்சையால் இதனைத் தடுக்கலாம், காலத்தில் வந்தால். சூட்டின் முதற்கேடு தீப்புண் அன்று, இழந்த அந்த நாளே. தீப்புண்ணும் சிறிதன்று. பச்சிளங்குழந்தையின் தோல் மெல்லியது. பெரியவர்க்குக் கொப்புளமாகும் வெப்பம் குழந்தைக்கு ஆழ்புண்ணாகும். நோய்எதிர்ப்பாற்றல் முதிராத உடலில், திறந்த புண்ணின் வழியே புகும் கிருமி குருதியில் பரவி உயிருக்கே ஊறு செய்யும்.

தழும்பின் பின்விளைவு

தழும்பு பற்றித் தமிழில் ஒரே சொல் வழங்குவது மருத்துவ விளக்கத்துக்கு இடையூறாக உள்ளது. புண்ணின் எல்லைக்குள் தடித்து, காலப்போக்கில் தணிவது ஒருவகை. புண்ணின் எல்லையைக் கடந்து நண்டுக்கொடுக்குப் போல் பரவி, தானே தணியாதது மற்றொருவகை. பின்னதற்குப் பிரெஞ்சு மருத்துவர் அலிபெர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடுக்கின் கிரேக்கப் பெயரை ஒட்டியே கீலாய்டு என்று பெயரிட்டார். இதனை மிகைத்தழும்பு எனத் தனிச்சொல்லால் குறிப்பது நன்று. கரிய, மாநிறத் தோலினரிடையே இது மிகுதி. அரிப்பும் வலியும் தரும். வெட்டி எடுத்தால் மீண்டும் பெரிதாக வளர்வதும் உண்டு. காது குத்தியபின் மடலில் உருண்டு நிற்கும் கட்டிகள் பல இவ்வகையினவே.

பழைய தீப்புண் தழும்புகளில், குறிப்பாக ஆறாமல் மீண்டும் மீண்டும் புண்ணாகும் இடங்களில், பல்லாண்டு கழித்துத் தோல் புற்றுநோய் தோன்றலாம். இத்தகைய புண்களை 1828இல் விவரித்த மார்ஜோலின் பெயரால் அவை வழங்கப்படுகின்றன. காசுமீரத்தில் குளிர்காயக் கங்கிரி என்னும் கனற்சட்டியை உடலோடு வைத்துக்கொள்வோரின் வயிற்றிலும் தொடையிலும் தோன்றும் புற்றும் தொடர்வெப்பத்தின் விளைவே. ஒருமுறை இட்ட சிறு சூட்டிலிருந்து புற்றுத் தோன்றுவது அரிது. ஆனால் பழைய தழும்பில் ஆறாப்புண் ஏற்படின் புறக்கணித்தல் கூடாது.

பச்சை குத்துவதில் இடர் ஊசியின் வழியே வருகிறது. திருவிழாவில் ஒரே ஊசியால் வரிசையாகப் பலருக்குக் குத்தும்போது மஞ்சள்காமாலை பி, சி வகைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் ஒருவரிடமிருந்து மற்றவர்க்குச் செல்லலாம். பச்சை குத்திய கோட்டின் மேலேயே தொழுநோய்த் தேமல் தோன்றிய 31 பேரைப் பற்றிய மருத்துவக் கட்டுரை, பிலாய் நகரிலிருந்து 2002இல் வெளியாயிற்று. பெங்களூருவின் பிரிகேடு சாலையிலும் இந்திராநகரிலும் இன்று இயங்கும் பச்சைக் கூடங்களில் ஊசி ஒருமுறைக்கு மட்டும் பயன்படுவது பெரும் முன்னேற்றம். ஆயினும் கவலை ஊசியிலிருந்து மைக்கு இடம்பெயர்ந்துள்ளது. பச்சை மைகளில் பல்வகை உலோகங்கள் கலந்திருப்பதாகச் சோதனையில் தெரியவந்ததைக் கர்நாடக நலவாழ்வுத் துறை 2025இன் தொடக்கத்தில் அறிவித்தது.

வினவும் முறை

மீண்டும் மருத்துவமனைக்கு வருவோம். ‘குழந்தைக்குச் சூடு போட்டீர்களா?’ என்ற வினா இலக்கணப்படி பிழையற்றது. ஆனால் செய்தித்தாள்களில் குழந்தைக்குச் சூடு போட்டதாக வருபவை கொடுமை பற்றிய செய்திகள். நான்காம் வேற்றுமை ஏற்ற குழந்தையும், தண்டனை வரிசையிலும் நிற்கும் ‘போடு’ வினையும் சேர்ந்து அவ்வினாவைக் குற்றச்சாட்டாக்கிவிடுகின்றன. தாய் ‘இல்லை’ என்று சொல்லிவிட வாய்ப்பு மிகுதி; அதன்பின் எப்போது, எதனால், எந்த அறிகுறிக்காக என்னும் தேவையான வினாக்களுக்கு இடமில்லை. மாறாக, ‘மஞ்சளுக்கு என்ன செய்து பார்த்தீர்கள்? சூடு வைத்துப் பார்த்தீர்களா?’ என்று கேட்டால், ‘பார்’ என்னும் துணைவினை முயற்சிப் பொருள் தந்து செயலைச் சிகிச்சை வரிசையில் நிறுத்துகிறது. கன்னடத்தில் ‘பரெ ஹாகிஸிதிரா?’ என்று பிறவினையால் கேட்பது இயல்பு. பிறரைக் கொண்டு செய்வித்ததை அது உணர்த்துவதால், தாயின் மீது நேரே பழி விழுவதில்லை. தமிழில் அதற்கு நேரான ‘போடவைத்தீர்களா’ என்பது செயற்கையாக ஒலிக்கும். எனவே பெங்களூருவில் கன்னடம் வழியாகத் தமிழ்த் தாயரிடம் பேசும் செவிலியர் அவ்வினாவைச் சொல்லுக்குச் சொல் மாற்றாமல், ‘எங்காவது கொண்டுபோய்ச் சூடு வைத்தீர்களா?’ என்று கேட்பது பொருந்தும்.

விழிப்புணர்வு அறிவிப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. ‘சூடு போடாதீர்’ என்ற ஏவல், அவ்விடத்தில் வேறு என்ன செய்வது என்பதைச் சொல்வதில்லை. பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் தோல் மஞ்சளாதல், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவுதல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் விழிக்காமை, உடல் வில்லாக வளைதல், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று காணினும் அன்றே மருத்துவமனைக்கு வருமாறு, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் உருதுவிலும், சூடு, பரெ, வாத முதலிய அந்தந்த மொழியின் வீட்டுச்சொல்லை இட்டே எழுதுதல் வேண்டும். வெப்பச் சிகிச்சை என்றோ தீக்காயம் என்றோ எழுதினால், அது தம் வீட்டில் நடப்பதைப் பற்றியது என்பதே படிப்பவர்க்குத் தோன்றாது.